இரண்டாவது ஆணி

ஜூன் 3, திங்கள்

டைரி எழுதச் சொன்னது ரேணுகா. "தேதி போட்டு எழுதுங்க டீச்சர். அப்பத்தான் எது வேல செய்யுது, எது செய்யலைன்னு பின்னால தெரியும்" என்றாள். முப்பத்தோரு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். விசில் ஊதத் தெரியும், வருகைப் பதிவேடு எழுதத் தெரியும். மனதில் இருப்பதை எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது.

ரேணுகா எட்டாம் வகுப்பில் என்னிடம் ரிலே ஓடியவள். குச்சியை வாங்கும்போதெல்லாம் கீழே போடுவாள். இப்போது என் மகள் நித்திலா படிக்கிற சிறப்புப் பள்ளியில் அவள் டீச்சர். நான் அவள் எதிரே பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

ஜூலை பத்தாம் தேதி நித்திலாவுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தாராபுரம் ரோட்டில் பெரியவர்களுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. பதினான்கு பெண்கள். காய்கறித் தோட்டம், பாக்குமட்டைத் தட்டு செய்கிற இயந்திரம், பின்னால் ஒரு புங்கமரம். நல்ல இடம்தான், கக்கூஸ் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை. அம்மா இல்லாமல் எட்டு நாள் இருந்து காட்டவேண்டும். இருந்துவிட்டால் இடம் நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த இடம் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

நான் இல்லாமல் நித்திலா இருந்த அதிகபட்ச நேரம் பன்னிரண்டு நிமிடம். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தது. பதின்மூன்றாவது நிமிடத்தில் தன் கையைத் தானே கடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"நமக்கு எவ்வளவு நாள் இருக்குதுங்க டீச்சர்?" என்று ரேணுகா கேட்டாள்.

"தீபாவளிக்கு முன்னால எல்லாம் முடியோணும்."

அவள் என் கையைப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது. தினமும் நடக்கிறேன் அல்லவா, மெலியத்தான் செய்யும்.

ஜூன் 7, வெள்ளி

கூடத்துச் சுவரில் நித்திலாவின் அப்பா போட்டோ. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் போட்டோவுக்குப் பூ வைப்பது நித்திலாவின் வேலை. அவளுடைய வேலையெல்லாம் சமையலறைப் பக்கத்துப் பலகையில் படங்களாக ஒட்டியிருக்கும். பல் துலக்கு, குளி, சாப்பிடு, அப்பாவுக்குப் பூ. ஒரு வேலை முடிந்ததும் அந்த அட்டையைக் கழற்றிப் பக்கத்தில் தொங்கும் மஞ்சப்பையில் போடவேண்டும். அந்தப் பைக்குப் பெயர் 'முடிஞ்சது'. நித்திலா பேசுகிற ஏழெட்டு வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

இதை எழுதிவைக்கவேண்டும், ரேணுகா கேட்டாள். அவர் போனபிறகு நித்திலா ஏழு வருடம் அவரைத் தேடினாள். சாயங்காலம் ஆறு மணியானால் அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டில் போய் நிற்பாள். மழையென்றாலும் நிற்பாள். உள்ளே இழுத்தால் கை முழுக்கப் பல் தடம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லிப் புரியவைக்கிற விஷயமா அது? பிறகு ரேணுகாதான் இந்தப் பூ அட்டையைச் செய்துகொடுத்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பூவை வைத்துவிட்டு நித்திலா நேராகப் போய், அந்தச் செருப்பு இரண்டையும் எடுத்து மஞ்சப்பைக்குள் போட்டாள். "முடிஞ்சது" என்றாள். அன்று சாயங்காலம் கேட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை.

ஜூன் 10, திங்கள்

நித்திலாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேண்டியதைத் தொடவைப்பாள். தண்ணீர்க் குடம், ஃபேன் சுவிட்ச், முறுக்கு டப்பா. பதினெட்டு வருடமாக என் வலது கைதான் அவளுக்கு வாய்.

"அதத்தான் மாத்தோணும்" என்றாள் ரேணுகா. "நீங்க வீட்டுக்குள்ளயே இருங்க டீச்சர். ஆனா இல்லாம இருங்க."

"அதெப்படிடி இருக்கறது?"

"தட்டுனா திரும்பக்கூடாது. கூப்புட்டா பேசக்கூடாது. உங்க போட்டோ ஒண்ணு பெருசா மாட்டிரலாம். வேணும்னா அதத் தட்டட்டும். தட்டுனதும் வேற ஒருத்தர் வந்து செஞ்சு குடுக்கோணும். அப்படியே பழகிட்டா இல்லத்துலயும் போட்டோவத் தட்டுவா, அங்க இருக்கறவங்க வருவாங்க."

அந்த வேறொருத்தராக இருக்க அடுத்த தெருவிலிருக்கும் நாத்தனார் செண்பகம் ஒப்புக்கொண்டாள். கூடவே நாலு கேள்வியும் கேட்டாள். நல்ல மனசு, கொஞ்சம் நீளமான வாய்.

ஜூன் 12, புதன்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

ஜூன் 17, திங்கள்

போட்டோ வந்துவிட்டது. என்னிடம் நல்ல படமே இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் கொடியேற்றும்போது எடுத்ததுதான் தேறியது. அட்டென்ஷனில் நிற்கிறேன். கழுத்தில் விசில், கை இரண்டும் விறைப்பாகப் பக்கத்தில், முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரேணுகா பார்த்துவிட்டு, "இதப் பாத்தா இப்பவும் எனக்கு எந்திரிச்சு நிக்கோணும்போல இருக்குது டீச்சர்" என்றாள்.

நித்திலாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கூடத்தில் ஒரே ஓர் ஆணிதான் சும்மா இருந்தது. அதில் மாட்டினேன். அவர் போட்டோவுக்குப் பக்கத்தில். சிமெண்ட் சுவரில் புது ஆணி அடிக்க எனக்கு இப்போது மூச்சு போதவில்லை.

ஜூன் 19, புதன்

காலை பத்திலிருந்து பத்தரை வரை 'இல்லாமல்' இருந்தேன். நித்திலா என் தோளைத் தட்டினாள். ஆறு முறை. அசையாமல் வெண்டைக்காய் நறுக்கினேன். செண்பகம் அவள் கையைப் பிடித்துப் போட்டோவைத் தட்டவைத்து, தண்ணீர் கொடுத்தாள். நித்திலா தண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

வெண்டைக்காயோடு விரலையும் நறுக்கிக்கொண்டேன். பெரிய காயமில்லை.

ஜூன் 21, வெள்ளி

இன்று காலை எட்டு மணிக்கு நித்திலா பூவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் சமையலறையில் இருந்தேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

ஒரு முழத்தை நடுவில் வெட்டி இரண்டாக்கியிருந்தாள். அரை முழம் அவர் போட்டோவின் மூலையில். அரை முழம் என் போட்டோவின் மூலையில். இரண்டுக்கும் முன்னால் நின்று கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள், நான் நிற்பதைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. அட்டையைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவள்மேல் தப்பில்லை. அந்தச் சுவரில் இருக்கிற போட்டோவுக்குப் பூ வைக்கவேண்டும் என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். பக்கத்தில் இன்னொன்றை மாட்டியது நான். இவ்வளவு பேர் யோசித்தோமே, இது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

செண்பகம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ அண்ணி, உசுரோட இருக்கறவங்களுக்கு யாராச்சும் பூப் போடுவாங்களா, எடுங்க மொதல்ல!" என்று கையை நீட்டினாள். நித்திலா அந்தக் கையைக் கடிக்கப் போனாள். பூ அங்கேயே இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

இந்த வாரமும். வெட்டும்போது அளந்து பார்த்துச் சரிபாதியாக வெட்டுகிறாள்.

ஜூலை 2, செவ்வாய்

பயிற்சி நேரம் முடிந்ததும் நான் 'திரும்பி வருவது' வழக்கம். நித்துக் கண்ணு என்று கூப்பிட்டுக் கை தட்டுவேன், அவள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடிப்பாள். இரண்டு நாளாக வருவதில்லை. கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் காதைச் சாய்க்கிறாள், பிறகு தலையை உதறிக்கொள்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் போட்டோவைத் தட்டுகிறாள். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கூடத்தைப் பெருக்கும்போது என் காலைத் தாண்டிப் பெருக்கினாள். மேசைக்காலைத் தாண்டுவதுபோல.

நல்ல முன்னேற்றம் என்று ரேணுகா கொடுத்த பயிற்சித் தாளில் குறித்திருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

காலையில் என் செருப்பைக் காணோம். வாசல், குளியலறை, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன். கடைசியில் மஞ்சப்பையில் இருந்தது. இரண்டும், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக.

கொஞ்ச நேரம் பையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி.

ஜூலை 10, புதன்

பதினெட்டு. கேக்கின் முதல் துண்டு அப்பா போட்டோவுக்கு முன்னால் போனது. இரண்டாவது என் போட்டோவுக்கு. மூன்றாவதைத் தான் சாப்பிட்டாள். தட்டு இரண்டுதான் எடுத்துவைத்திருந்தாள், ஒன்று அவளுக்கு, ஒன்று செண்பகத்துக்கு. நான் கத்தியில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ரவிக்கையை மறுபடியும் பிடிக்கக் கொடுத்தேன். இது மூன்றாவது தடவை. "என்னங்க டீச்சரு, சின்னப் புள்ளையாட்டம் ஆயிட்டே போறீங்க!" என்று தையல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பூ வைத்தாள். அரை முழம், அரை முழம்.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டாம் நாள். உடுமலையில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் துணி காயப்போட வெளியே வந்தேன். காற்று கதவைப் படாரென்று சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அது தானாக விழுகிற தாழ்ப்பாள் இல்லை.

தட்டினேன். "நித்து, கதவத் தொற கண்ணு" என்றேன். ஜன்னலுக்குப் போனேன். அவள் கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பி என் போட்டோவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்தாள். வந்து, என் முகத்துக்கு நேரே ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

காற்றடித்தால் ஜன்னலைச் சாத்தவேண்டும் என்று பலகையில் ஓர் அட்டை உண்டு. நான்தான் வரைந்தேன்.

சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் அகலம் இடுக்கு. அதில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டையே திருடன்போல எட்டிப் பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன், பழக்கதோஷம். வாழைப்பழம் உரித்துத் தின்றாள். தோலைக் குப்பையில் போட்டாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பன்னிரண்டு நிமிடம் தாண்டியது. பதின்மூன்றும் தாண்டியது. கையைக் கடிக்கவில்லை. ஐம்பத்து மூன்றாவது நிமிடம் செண்பகம் வந்து கதவைத் தட்டினாள். நித்திலா உடனே திறந்தாள்.

ஐம்பத்து மூன்று நிமிடம்! மைதானத்தில் என்றால் துள்ளிக் குதித்திருப்பேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், காற்று அவ்வளவு.

ஜூலை 22, திங்கள்

ரேணுகா வீட்டுக்கு வந்தாள். ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து கவனித்தாள். நித்திலா என்னைச் சுற்றிக்கொண்டு போவதை, போட்டோவிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கியதை. கையில் பேனா இருந்தது, ஒன்றும் எழுதவில்லை.

"நான் நெனச்சது இது இல்லீங்க டீச்சர்" என்றாள். "போட்டோவத் தட்டுனா ஆள் வரும்னுதான் சொல்லிக்குடுக்கப் பாத்தேன். அவ அப்பா பக்கத்துல உங்களப் பாத்ததும், அப்பா மாதிரியேன்னு முடிவு பண்ணிட்டா. அவளப் பொறுத்தவரைக்கும் நீங்க..."

"சொல்லு."

அழுதாள். எட்டாம் வகுப்பில் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அழுத அதே அழுகை.

"போட்டோவக் கழட்டிரலாம் டீச்சர். மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு ஆறு மாசம் குடுங்க, மாத்திரலாம்."

"ஆறு மாசமா?"

கூடத்தில் நித்திலா பலகையில் அட்டையைக் கழற்றினாள். "முடிஞ்சது" என்றாள்.

ஜூலை 23, செவ்வாய்

இரவு தூங்கவில்லை, அதனால் நன்றாக யோசிக்க முடிந்தது.

போட்டோவைக் கழற்றினால் அவள் மறுபடி என் தோளைத் தட்டுவாள். அதற்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். மூன்று வாரமாக என் தோளை யாரும் தொடவில்லை. ஆனால் தட்டிப் பழகிவிட்டு, அப்புறம் ஒருநாள் தோள் இல்லையென்றால்? என் செருப்பைத் தூக்கிக்கொண்டு அந்த இல்லத்துக் கேட்டில் நிற்பாள். ஏழு வருடம் நிற்பாள். மழையிலும் நிற்பாள். உள்ளே இழுத்துவர நான் இருக்கமாட்டேன்.

இப்போது செருப்பு பையில் இருக்கிறது. தேடுகிற வேலை முடிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த வழியில் அவளே முடித்துக்கொண்டாள். நான் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டேன், அவ்வளவுதான்.

ரேணுகாவுக்குப் போன் செய்தேன். "போட்டோ அங்கயே இருக்கட்டும். இனி முழு நாளும் நான் இல்லை" என்றேன்.

ஜூலை 29, திங்கள்

இல்லத்து வார்டன் விமலா ராணி வந்து நித்திலாவைப் பார்த்தார். ஆகஸ்ட் எட்டாம் தேதி கூட்டிவரச் சொன்னார். செண்பகத்துக்கு எள்ளும் கொள்ளும் முகத்தில் வெடித்தது. "ஆடி மாசத்துல புள்ளையக் கொண்டுபோயி புது எடத்துல விடுவாங்களா அண்ணி? ஆவணி பொறக்கட்டும். பத்து நாள்ல என்ன வந்துரப் போகுது?"

"பத்து நாள் பெருசு செண்பகம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் நித்திலாவின் துணிகளில் பெயர் தைக்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. வருடாவருடம் அவருக்குப் படையல் போடுவோம். செண்பகம் சமைத்தாள். பரிமாறுவது நித்திலா. இந்த முறை இரண்டு இலை போட்டாள்.

செண்பகம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் தூணோரம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் இலையில் எல்லாம் வைத்தாள். என் இலைக்கு வந்தபோது கத்தரிக்காய்க் கரண்டியை எடுத்து, நிறுத்தி, திரும்பச் சட்டியிலேயே போட்டாள். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. அப்பளத்தை இரண்டாக உடைத்து ரசத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், நான் உடைப்பதுபோலவே. பாயசத்தில் முந்திரியைப் பொறுக்கித் தள்ளினாள். இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. என் கையை மட்டும்தான் இவளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

காம்பவுண்டுச் சுவரில் காக்கைக்கு இரண்டு உருண்டை வைத்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டன.

அவள் கைகழுவப் போன நேரத்தில் எனக்குப் போட்ட படையலை நானே சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தோற்றுவிட்டேன். எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் நித்திலா கூடத்தில் உட்கார்ந்து டப்பாவிலிருந்த பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் போகிறாள். சின்ன வயதில் அவளைக் கூப்பிட நான் விசில் ஊதுவேன், இரண்டு சின்னது, ஒரு பெரியது. எங்கிருந்தாலும் ஓடிவருவாள். ஒரே ஒருமுறை என்று நினைத்தேன். விசிலை வாயில் வைத்து ஊதினேன்.

பட்டன்கள் தரையெல்லாம் உருண்டன. நித்திலா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், உண்மையாகவே என்னைப் பார்த்தாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு. பிறகு போட்டோவைப் பார்த்தாள். அதிலிருந்த என் கழுத்தில் தொங்கும் விசிலைப் பார்த்தாள். அலறினாள். அப்படியொரு அலறலை நான் கேட்டதில்லை. நான் கிட்டே போகப் போக அலறல் கூடியது. "நித்து, அம்மாடா" என்றேன். காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதினாள்.

செண்பகம் ஓடிவந்து, "அக்கட்டால போங்க அண்ணி! உள்ள போங்க!" என்று கத்தினாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சத்தம் நின்றது.

என் பிள்ளையை நானே பயமுறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

நாள் முழுக்க அறையிலேயே இருந்தேன். விசிலைக் கிணற்றில் போடச் சொல்லிச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பத்தரைக்கு ஆட்டோ வந்தது. ரேணுகாவும் செண்பகமும் கூட்டிப் போனார்கள். நித்திலா தானே போய் இரண்டு போட்டோவையும் ஆணியிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டாள். பலகையையும் மஞ்சப்பையையும் ரேணுகா எடுத்துக்கொண்டாள். நான் அறைக் கதவிடுக்கில் நின்றேன். நீலச் சுடிதார், இரட்டைச் சடை. செண்பகத்துக்குச் சடை பின்னவே தெரியாது, ஒன்று மேலே ஒன்று கீழே.

ஆட்டோ போனபிறகு கூடத்துக்கு வந்தேன். சுவரில் இரண்டு ஆணி. ஒன்றின் கீழே வெள்ளையாக ஒரு சதுரம், இன்னொன்றின் கீழே லேசாக.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விமலா ராணி போன் செய்தார். இல்லத்துச் சாப்பாட்டு அறையில் இரண்டு ஆணி அடித்துப் போட்டோக்களை மாட்டியாயிற்று. நித்திலா பூ கேட்டாள், கொடுத்தார்கள், வைத்தாள். கை கடிக்கவில்லை.

"உங்களத் தேடவே இல்லீங்க. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. எப்படிங்க பழக்குனீங்க?"

பயிற்சிதான் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஐந்து நாள் ஆகிறது. கையில் கடி இல்லை. கேட்டுப் பக்கம் போகவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எட்டு நாள் முடிந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். ஆடிக் கடைசி வெள்ளி, பஸ்ஸெல்லாம் கோயில் கூட்டம். பேருந்து நிறுத்தத்திலிருந்து இல்லம் வரை நடக்க வழியில் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

நித்திலா தோட்டத்தில் இருக்கிறாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வருவாள் என்றார் விமலா ராணி. அலுவலக அறையில் கையெழுத்துப் போட்டேன். இடம் நிரந்தரம். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மறுபடி எழுதினேன், அது சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்.

"அவ வர்றதுக்குள்ள நீங்க பின்பக்கமாப் போயிருங்க" என்று வழி காட்டினார். தாழ்வாரத்தில் பாதி தூரம் வந்திருப்பேன். எதிரே நித்திலா.

காலையில் பூ லேட்டாக வந்ததாம். அதனால் பூ வைக்கிற வேலையைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அவள் ஒரு கையில் அரை முழம், இன்னொரு கையில் அரை முழம் வைத்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தாள். திரும்பிப் போகலாம் என்றால் அலுவலகக் கதவு எட்டாத தூரம், பக்கத்தில் சுவர். விசில் ஊதிய அன்றைய அலறல் காதில் கேட்டது. இங்கே அலறினால், கையைக் கடித்தால், எல்லாம் போச்சு. எட்டு நாளும் போச்சு.

யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகச் செய்தது. சுவரோடு முதுகை ஒட்டினேன். குதிகால் இரண்டும் சேர்ந்தன. கைகள் விறைப்பாகப் பக்கத்தில் வந்தன. முகவாய் நிமிர்ந்தது. அட்டென்ஷன். முப்பத்தோரு வருடம் எத்தனை ஆயிரம் பிள்ளைகளை நிற்கவைத்திருப்பேன். மூச்சையும் நிறுத்திக்கொண்டேன்.

நித்திலா வந்தாள். எதிரில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், மேலிருந்து கீழே, ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரம் வரை. கையில் மண் ஒட்டியிருந்தது. புங்க இலை வாசம். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

பிறகு கையை உயர்த்தி அரை முழத்தை என் தலையில் வைத்தாள். வலது பக்கம், போட்டோவில் வைக்கிற அதே மூலையில், காதுக்கு மேலே. கீழே விழாமல் இரண்டு விரலால் அழுத்திச் சரிபார்த்தாள். அந்த விரல்கள் என் தலையில் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி இருக்கும். எடுத்தாள். ஓரடி பின்னால் போய்க் கைகூப்பிக் கும்பிட்டாள்.

"முடிஞ்சது" என்றாள்.

இன்னொரு அரை முழத்தை எடுத்துக்கொண்டு, எதிரே தெரிந்த சாப்பாட்டு அறைக்கு, அவள் அப்பாவிடம் போனாள். அதன் பிறகு விமலா ராணி நின்ற இடத்துக்குப் போய் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினாள், மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ரசப் பாத்திரத்தைத் தொடவைத்தாள். அவர் ஊற்றினார். உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பளத்தை இரண்டாக உடைத்துக்கொண்டாள்.

நான் அதுவரை நின்ற இடத்தில் அப்படியே நின்றேன். அவள் சாப்பிட்டு முடித்துத் தோட்டத்துக்குப் போனபிறகுதான் கையைத் தளர்த்தினேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா என் தலையைப் பார்த்தாள், பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தலையில் பூ. எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது செண்பகம் வாசலில் காத்திருந்தாள். பூவைப் பார்த்தாள். உள்ளே போய் எனக்கு ஒரு தட்டு எடுத்துவைத்தாள்.